ஆவுடைத்தங்கம் உக்காந்த ஆடி மாசம்

எங்க ஊர் ஜவுளிக்கடையில ஆவுடைத்தங்கம் காத்துல உக்காந்தது ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு. அதை முதல்ல பார்த்தது நான்தான், அதனால இதைச் சொல்ற உரிமையும் எனக்குத்தான். மத்தவங்க சொல்றதை நம்பாதீங்க. நைட்டி செக்‌ஷன்காரி ஒருத்தி அன்னிக்கு லீவு, அவகூட பக்கத்துலயே நின்னு பார்த்த மாதிரி ஊர் பூரா அளந்துக்கிட்டுத் திரியறா.

என் பேரு அமலோற்பவம். ரெண்டாவது மாடி பட்டுச்சேலையில ஆவுடைக்கு அடுத்த கவுண்டர். கடைன்னா பெட்டிக்கடை சைஸ் இல்லை, நாலு மாடி, ஏறுறதுக்கு ஓடுற படி, உள்ள நுழைஞ்சா ஐப்பசி மாசம் மாதிரி குளிரு, வேலைக்கு அறுபத்திமூணு பொம்பளைங்க. இந்த அறுபத்திமூணு பேரும் காலைல ஒன்பது மணிக்கு நின்னா கடை மூடுற வரைக்கும் நிக்கணும், நடுவுல சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், மத்தபடி கஸ்டமர் வந்தாலும் நிக்கணும், வராம ஈ ஓட்டினாலும் நிக்கணும், காய்ச்சல்லயும் நிக்கணும், மாசத்துல அந்த மூணு நாளும் நிக்கணும், வயித்துல பிள்ளை ஏழு மாசம் ஆனாலும் நிக்கணும், சுவத்துல சாயக்கூடாது, கவுண்டர்ல கை ஊனக்கூடாது, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல வெச்சுக் கொக்கு மாதிரி நிக்கவும் கூடாது. உக்கார இடமில்லாம இல்லை. கஸ்டமருக்கு மெத்தை வெச்ச ஸ்டூல் மாடிக்கு நாப்பது கிடக்கும். அது அவங்களுக்கு.

கீழ ஒரு ரூம்ல, சுத்துற நாற்காலியில முதலாளி சிகாமணி அண்ணாச்சி உக்காந்து கேமராவுல எங்களையே பார்த்துக்கிட்டு இருப்பார். யாராவது லேசாச் சாய்ஞ்சா போதும், மேல ஸ்பீக்கர்ல பேரு கேக்கும். "ரெண்டாவது மாடி, அமலோற்பவம், நிமிரு." கடை பூரா கேக்கும், கஸ்டமர் எல்லாம் திரும்பி யாரு அந்த அமலோற்பவம்னு தேடுவாங்க, எனக்கு மானம் போகும். அதனால எங்க அறுபத்திமூணு பேருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. முட்டி லேசா மடங்கினா போதும், கழுத்து தானா நிமிர்ந்து மூலையில இருக்குற கேமராவைப் பார்க்கும். வீட்டுல சோத்துப் பானைக்கு முன்னால குத்தவைக்கும்போதுகூட நான் மோட்டுவளையைப் பார்த்துட்டுத்தான் உக்காருவேன், எங்க வீட்டுக்காரர் "அங்க என்னத்தப் பார்க்குற, பல்லியா?"ன்னு கேப்பார்.

ஆவுடைக்கு நாப்பத்திரெண்டு வயசு, அதுல இருபது வருஷம் இந்தக் கடையில நின்ன வருஷம். கால்ல நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாச் சுருண்டு, கணுக்கால் பக்கம் ஒரு புண்ணு வந்து ஆறு மாசமா ஆறலை. டாக்டரம்மா பார்த்துட்டு ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிட்டாங்க: "இப்படியே இன்னும் நின்னீங்கன்னா இந்தக் காலைக் காப்பாத்த முடியாது. உக்காந்து பார்க்கிற வேலையாத் தேடுங்க." தேடலாம், யாரு குடுப்பா? அவளுக்குத் தெரிஞ்சது சேலை மட்டும்தான். கல்யாணப் பொண்ணோட மணிக்கட்டைப் பார்த்தாலே எந்தக் கலர் எடுக்கும்னு சொல்லிருவா, சொன்னது தப்பினதே இல்லை.

அண்ணாச்சிகிட்டப் போனா. நானும் கூடப் போனேன்.

"ஒரு ஸ்டூல் மட்டும் குடுங்க அண்ணாச்சி. கவுண்டருக்குப் பின்னால போட்டுக்கிடுதேன், யாருக்கும் தெரியாது."

"ஆவுடை, கஸ்டமர் நமக்குச் சாமி. சாமிக்கு முன்னால காலை மடக்கி உக்காரலாமா?"

"கோயில்ல எல்லாரும் உக்காந்துதான அண்ணாச்சி கும்புடுதாங்க?"

அண்ணாச்சி முகம் கறுத்துப் போச்சு. "ஒருத்திக்குக் குடுத்தா மிச்சம் அறுபத்திரெண்டும் வந்து நிக்கும். முடிஞ்சா நில்லு. முடியலைன்னா வீட்டுல போயி படு."

அவ்வளவுதான் விஷயம். ஒண்ணு காலு, இல்லை வேலை. ரெண்டுல எதை விடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே ஆவுடை ஒரு வாரம் நின்னா.

அந்தச் செவ்வாக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டம், பதினாலு பேரு, வேன் வெச்சு வந்திருந்தாங்க. பொண்ணோட அத்தைக்காரி எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குறா. இருபத்தாறு சேலை விரிச்சாச்சு. இருபத்தேழாவது சேலையை விரிச்சுப் போட்டுட்டு ஆவுடை முட்டியை மடக்கினா, உக்காந்தா. கீழ ஒண்ணும் இல்லை. ஸ்டூல் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை, துணி மூட்டை இல்லை, ஒண்ணுமே இல்லை, ஆனா முதுகு நேரா, மடியில கை, தரையிலேருந்து ஒரு சாண் மேல ரெண்டு பாதமும் சொகமா ஆடிக்கிட்டு இருக்கு. அத்தைக்காரி கவுண்டர் மேல எட்டிப் பார்த்தா. "உக்காந்தே காட்டும்மா, உனக்கும் கால் வலிக்கும்லா"ன்னா. அடுத்த மூச்சுல, "அந்த மாம்பழக் கலரை இப்படித் திருப்பு"ன்னா.

நான் கிட்டப் போயி காதுல கேட்டேன். "ஏட்டி, எதுலட்டி உக்காந்திருக்க?"

"தெரியல அமலோ. நல்லாருக்கு"ன்னு சொன்னவ கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு, சேலையில பட்டுரும்னு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

ஸ்பீக்கர் அலறுச்சு. "ரெண்டாவது மாடி, ஆவுடைத்தங்கம், எந்திரி!" அவ எந்திரிக்கலை. சூப்பர்வைசர் செல்வின் ஓடி வந்தார். அவரும் பாவம், எங்களை நிக்க வைக்கிறதுக்காக நாள் பூரா நிக்கிற மனுஷன். குனிஞ்சு பார்த்தார், கையை விட்டுத் துழாவினார், துணி அளக்கிற மீட்டர் கம்பியை அடியில இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். அப்புறம் போன்ல சொன்னார், "அண்ணாச்சி, கீழ ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா எப்படிடே உக்காந்திருக்கா?"

"ஒண்ணுமில்லாமத்தான் அண்ணாச்சி உக்காந்திருக்கா."

மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆட்டோ ஸ்டாண்டுலேருந்து வந்தாங்க, பூக்கட்டுறவங்க வந்தாங்க, பள்ளிக்கூடத்து சயின்ஸ் சார் வந்து நூல்ல குண்டு கட்டித் தொங்கவிட்டு அளந்து பார்த்துட்டு, "கணக்குப்படி இது விழுந்திருக்கணும், ஆனா விழலை, அப்ப சரிதான்"னு சொல்லி ரெண்டு ஜாக்கெட் துணி எடுத்துட்டுப் போனார். அம்மன் கோயில் பூசாரி வந்து, ஆடி மாசத்துல அம்மன் நினைச்ச இடத்துல உக்காருவா, இதுல என்ன அதிசயம்னுட்டார். எங்க சர்ச் ஃபாதர் வந்து அடியில எல்லாம் குனிஞ்சு பார்க்கலை, "புண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார். வாடிக்கிட்டு வருது ஃபாதர்னா. நல்லதுன்னுட்டுப் போயிட்டார். எங்க ஊர்ல எதுவும் ஒரு வாரத்துக்கு மேல அதிசயமா இருக்காது. எட்டாம் நாள், "உக்காந்து காட்டுற அக்காகிட்டப் போவோம், அவதான் பொறுமையாக் காட்டுவா"ன்னு கேட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க.

அண்ணாச்சி சாமானியப்பட்டவரா? கூட்டத்தைப் பார்த்தார், மூளை வேற பக்கம் ஓடுச்சு. வாசல் பக்கம் கண்ணாடிக்குள்ள சேலை கட்டின பொம்மை நிக்கும்லா, அந்தப் பொம்மையை எல்லாம் எடுக்கச் சொல்லிட்டார். ஆவுடைக்கு அரக்குப் பட்டு, கவரிங் ஒட்டியாணம், தலை நிறையப் பூ. வெளிய ஆள் உயரத்துக்கு ஒரு பேனர்: 'காற்றில் அமரும் கல்யாணப் பட்டு!'

"நீ கேட்டதுதான? உள்ள போயி உக்காரு. காலைலேருந்து கடை மூடுற வரைக்கும் உக்காந்துக்கிட்டே இரு"ன்னார்.

ஆவுடை கண்ணாடிக்குள்ள போனா. நின்னா.

காலைல நின்னா, மத்தியானம் நின்னா, வெயிலு கண்ணாடியில விழுந்து அனல் மாதிரி அடிச்சப்பவும் நின்னா. வெளிய கூட்டம் கண்ணாடியைத் தட்டுது, "உக்காரும்மா, உக்காரும்மா!"ன்னு கத்துது, சின்னப் பிள்ளைகளைத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுறாங்க, அவ அசையலை. மறுநாளும் அப்படியே. மூணாம் நாள் அண்ணாச்சியே கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ள போனார். வாசலைப் பெருக்கிற சாக்குல நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

"ஏன் உக்கார மாட்டேங்குற? கால் வலிக்கலையா?"

"உயிர் போகுது அண்ணாச்சி."

"பின்ன உக்காரேன்!"

"எனக்கு வேணும்னா உக்காருவேன். நீங்க வேடிக்கை காட்டணும்னா உக்கார மாட்டேன். அதுக்குத்தான் பொம்மை வெச்சிருந்தீங்களே."

அண்ணாச்சி வெளிய வந்து பேனரைக் கழட்டச் சொன்னார். அவ இறங்கி வந்தப்போ வாடியிருந்த புண்ணு வாயைத் திறந்திருந்துச்சு, பட்டுச்சேலையோட ஓரத்துல ரத்தம். அந்த ரத்தத்தை அறுபத்திரெண்டு பேரும் பார்த்தோம். மூணு நாளும் அவளைத் தாண்டித்தான் வேலைக்கு உள்ள போயிருந்தோம், மூணு நாளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போயிருந்தோம். எனக்கு என் மேலயே அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. "எங்களுக்கும் சொல்லிக் குடு ஆவுடை"ன்னேன்.

சாப்பாட்டு ரூம்ல, அந்த இருபது நிமிஷத்துல, அஞ்சு நிமிஷம் சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு மிச்சம் பதினஞ்சு நிமிஷம் விழுந்தோம். ஆமா, விழுந்தோம்னுதான் சொல்லணும். "சும்மா உக்காருங்க, அவ்வளவுதான்"னு ஆவுடை சொல்லுவா, நாங்க முட்டியை மடக்குவோம், கழுத்து நிமிர்ந்து மூலையைப் பார்க்கும், தொப்புன்னு கீழ கிடப்போம். நான் மட்டும் பதினோரு தடவை விழுந்தேன். இடுப்பு கன்னிப்போச்சு.

"என்னட்டி, இந்த ரூம்ல கேமராவே கிடையாது, மேல யாரைப் பார்க்க?"ன்னு அவ சிரிப்பா.

"கழுத்து தானா திரும்புது, நான் என்ன செய்ய? வேணும்னா வெட்டிப் போடு."

அவ எனக்கு எதிர்ல வந்து நின்னு, ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "மூலையைப் பார்க்காத. என் மூஞ்சியப் பாரு. நான் உக்காரும்போது நீயும் உக்காரு." பார்த்தேன். இருபது வருஷமாப் பக்கத்துல நின்னவ மூஞ்சி, ஆனா நேருக்கு நேரா அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை, இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு, அதுகூட அன்னிக்குத்தான் தெரியும். அவ முட்டி மடங்குச்சு, என் முட்டியும் மடங்குச்சு. உக்காந்துட்டேன்! அடியில மெத்தையும் இல்லை, பலகையும் இல்லை, யாரோ ரெண்டு கை குடுத்துத் தாங்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் என்ன, ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர நின்னு, ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்து, அஞ்சு நாள்ல அத்தனை பேரும் படிச்சாச்சு.

ஆடித் தள்ளுபடி கடைசி ஞாயித்துக்கிழமை. கடையில எள்ளு போட்டா எள்ளு விழாது. காலைல பதினோரு மணிக்கு நாலு மாடியிலயும் அறுபத்திமூணு பேரும் ஒண்ணா உக்காந்தோம். துண்டு செக்‌ஷன்ல உக்காந்தாங்க, உள்பாவாடையில உக்காந்தாங்க, வேட்டியில உக்காந்தாங்க, ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி குழந்தை உடுப்பு செக்‌ஷன்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தா. கை வேலையை நிறுத்தலை. விரிச்சோம், மடிச்சோம், சிரிச்ச முகமாக் காட்டினோம், ஆனா உக்காந்து.

ஸ்பீக்கர் பேரு பேராக் கூப்பிட ஆரம்பிச்சுச்சு. ஒவ்வொரு பேராச் சொல்லி, எந்திரி, எந்திரின்னு. பத்து பேரு ஆச்சு, இருபது ஆச்சு, நாப்பது ஆச்சு, ஒருத்தியும் அசையலை. அந்த வரிசையில என் பேரும் வந்துச்சு. "அமலோற்பவம்!" எத்தனையோ தடவை அந்த ஸ்பீக்கர்ல என் பேரைக் கேட்டுக் கூனிக் குறுகியிருக்கேன். அன்னிக்குக் கடை பூரா கேக்குற மாதிரி அது முழங்குனப்போ, ஆமா, அது நான்தான்னு ஒரு கஸ்டமர்கிட்டச் சொன்னேன். என் பேரு அவ்வளவு நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாது.

அப்பத்தான் அண்ணாச்சி அந்தத் தப்பைச் செஞ்சார். கஸ்டமரை நிக்க வெச்சா, "நாங்க நிக்கோம், நீங்க உக்காந்திருக்கீங்களா?"ன்னு அவங்களே எங்களைத் திட்டி எழுப்பிருவாங்கன்னு கணக்குப் போட்டு, நாலு மாடி ஸ்டூலையும் குடோனுக்குத் தூக்கச் சொல்லிட்டார். தூக்கினாங்க. கஸ்டமர் நின்னாங்க. கால் மணி நேரம் நின்னிருப்பாங்க. அன்னிக்கு அந்த அத்தைக்காரியும் வந்திருந்தா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சேலை எடுக்க. முட்டியைத் தடவிக்கிட்டே, "ஏம்மா, நீங்க தினமும் எவ்வளவு நேரம் நிப்பீங்க?"ன்னா. பன்னெண்டு மணி நேரம்னேன். "அடப்பாவிகளா!"ன்னா. "நீங்க எதுல உக்காந்திருக்கீங்களோ, அதுல எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க"ன்னு சொல்லி, சேலைக் கொசுவத்தை ஒதுக்கிக்கிட்டு டக்குன்னு உக்காந்துட்டா. விழலை. எப்பவும் யாராவது பின்னால ஸ்டூல் போட்டே பழகினவங்கல்லா, அவங்களுக்கு எந்த மூலையையும் பார்க்கிற பழக்கமே கிடையாது. நாங்க அஞ்சு நாள் அடிபட்டுப் படிச்சதை கஸ்டமர் எல்லாம் அரை நொடியில படிச்சுட்டாங்க. எனக்கு வயிறெரிஞ்சுது, சும்மா சொல்லக்கூடாது.

சாயங்காலம் பார்த்தா நாலு மாடியும் காத்துல உக்காந்திருக்கு. ஆம்பளை உடுப்புப் பக்கம், ரேக்குக்கு நடுவுல, செல்வினும் கண்ணை மூடி உக்காந்திருந்தார். நாங்க பார்க்காத மாதிரி போயிட்டோம்.

நாங்க நினைச்சது, ஊர் எங்களைப் பத்திப் பேசும்னு. ஊர் அண்ணாச்சியைப் பத்திப் பேசுச்சு. "சிகாமணி கடை நொடிச்சுப் போச்சாம்லா." "ஆமாப்பா, நானே பார்த்தேன், உக்கார ஒரு ஸ்டூல் இல்லை. எல்லாத்தையும் வித்துட்டாராம்." "பாவம், வேலைக்காரப் பொம்பளைங்க விசுவாசமாக் காத்துல உக்காந்து சமாளிக்காங்க." டீக்கடையில இது, பஸ்ஸுல இது, ஆசுபத்திரி வரிசையில இது. அண்ணாச்சி காதுக்குப் போனப்போ அது சந்தைக்கடை வரைக்கும் போயாச்சு. கடன் இல்லைன்னு ஊரைக் கூட்டிச் சொல்லவா முடியும்? சொன்னா இன்னும் மோசம். ஸ்டூலைத் திரும்பப் போட்டா எங்ககிட்டத் தோத்த மாதிரி ஆயிரும்னு அதையும் குடோன்லயே விட்டு வெச்சிருந்தார்.

அவர் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் பேசி வெச்சிருந்தாங்க. புதன்கிழமை மத்தியானம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் தட்டுல பழத்தோட கடைக்கு வந்தாங்க. நாலு மாடியும் பொறுமையாச் சுத்தினாங்க, அண்ணாச்சி கூடவே, வேர்த்து விறுவிறுத்து. பட்டுப் பக்கம் வந்ததும் சம்பந்தி குரலைத் தாழ்த்தி, ரொம்ப நல்ல மனசோட, "கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி? எங்க மண்டபத்துல நூறு நாற்காலி சும்மா கிடக்கு, நாளைக்கே அனுப்பி வைக்கேன்"ன்னார்.

அண்ணாச்சி முகம் போன போக்கை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை, சுத்தம் பண்ண எடுத்து வெச்சோம், செல்வின், எடுத்துட்டு வாடே!"ன்னு கத்தினார். ஸ்டூல் எல்லாம் ஓடி வந்துச்சு. கஸ்டமர் காத்துலேருந்து இறங்கி மெத்தைக்கு மாறினாங்க. சம்பந்தியம்மா சுத்திப் பார்த்தாங்க. காத்துல மிச்சம் இருந்தது நாங்க மட்டும்தான்.

"இவங்களுக்கு?"ன்னு கேட்டாங்க.

அண்ணாச்சி டக்குன்னு சொன்னார், "இவங்களுக்குப் புதுசா ஆர்டர் குடுத்திருக்கேன். நாளைக்கு வருது."

"அப்ப நாளைக்கு நானும் வந்து பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்"ன்னுட்டாங்க அந்தப் புண்ணியவதி.

வியாழக்கிழமை காலைல லோடு ஆட்டோவுல அறுபத்திமூணு நாற்காலி வந்து இறங்குச்சு. முதுகு சாயற வசதியோட. சம்பந்தியம்மா பார்த்துக்கிட்டு நிக்க, அண்ணாச்சியே முதல் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது மாடிக்கு ஏறி வந்தார், ஆவுடைக்குப் பின்னால கொண்டு போயி வெச்சார். நாங்க எல்லாரும் மடிச்சது மடிச்சபடி, விரிச்சது விரிச்சபடி விட்டுட்டுப் பார்த்தோம். கஸ்டமரும் பார்த்தாங்க.

"உக்காரும்மா"ன்னார் அண்ணாச்சி.

அந்த 'அம்மா' இருபது வருஷத்துல புதுசு. ஆவுடை காத்துலேருந்து மெதுவா இறங்கி, நல்ல காலை முதல்ல ஊனி, கட்டுப்போட்ட காலை அடுத்து ஊனி நின்னா. திரும்பி நாற்காலியை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தா, கல்யாணப் பட்டுல சரிகையைப் பார்க்கிற மாதிரி. முதுகுப் பலகையைப் பிடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைச்சுப் பார்த்தா. டக் டக்னு சத்தம் கேட்டுச்சு.

"ஒரு கால் குட்டையா இருக்கு அண்ணாச்சி. ஆடுது. வேற கொண்டாங்க"ன்னா.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சம்பந்தியம்மாவைப் பார்த்தார். குனிஞ்சார். அந்த நாற்காலியைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு ரெண்டு மாடியும் இறங்கிப் போனார்.

ஆவுடை மறுபடியும் காத்துல உக்காந்தா. அவர் கொண்டு வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு, எதிர்ல இருந்த பொண்ணோட மணிக்கட்டைப் பார்த்துட்டு, "உனக்கு வெந்தயக் கலர் எடுக்கும் தாயி"ன்னு சொல்லி, ரேக்குலேருந்து ஒரு சேலையை உருவி விரிச்சுப் போட்டா.